டிம் கேட்ட வெளிச்சம்

ராத்திரி பத்தரை இருக்கும். நீடாமங்கலத்திலிருந்து வெண்ணாற்றங்கரையோடு கிழக்கே போகும் ஒற்றைத் தார்ச்சாலை... ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். நடுவில் விளக்குக் கம்பம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

அந்தச் சாலைதான். இதோ இந்த ரயில்வே கேட் திறந்ததும் நாம் திரும்பப் போகிறோமே, அதே சாலை.

வண்டிகளை அணைத்துவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். நெல் ஏற்றின கூட்ஸ் நிற்கிறது, என்ஜின் இன்னும் வரவில்லை. கேட் இப்போதைக்குத் திறக்காது. டேய் செந்தில், அந்த ஃபாக் லைட்டையும் அணை. பேட்டரி இறங்கினால் தள்ளிக்கொண்டு வர என்னால் ஆகாது. புது லைட்டா? தனி சுவிட்சா? ம்... அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரெமிஜியஸ் ஞாபகம் வந்தது.

ரெமிஜியஸ் என் கூட்டாளி பெரியநாயகசாமிக்கு அத்தை மகன். கத்தாரில் பாதி ஆயுசை வெயிலில் காயவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வயல் கொஞ்சம் உண்டு. மனைவி அனிட்டா. ஒரே மகள் ஆஷ்லின், திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மனிதருக்கு இருந்தது ஒரே ஆசை. பெரிய டூரிங் பைக் ஒன்று வாங்கி, அதிலேயே கோவா சவேரியார் கோயில் வரை போய் வர வேண்டும். வாங்கியும் விட்டார். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, யானை மாதிரி வண்டி. "இதுல வைக்கோல் ஏத்தலாமா?" என்று அனிட்டா கேட்பாளாம். கோவாவுக்குப் போகிறாரோ இல்லையோ, சனிக்கிழமை தவறாமல் நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். ஆஷ்லின் ராத்திரி ரயிலில் வந்து இறங்குவாள். அவளைப் பின்னால் ஏற்றி, இந்த ஆற்றங்கரைச் சாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவருக்குப் பூசை மாதிரி. மகளைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும். அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் மிச்சமில்லை.

குறுவை அறுப்பு நேரம். நம் ஊர் சங்கதி உங்களுக்குத் தெரியாததா? அறுத்த நெல் ஈரமாக இருந்தால் விற்க முடியாது. காயவைக்கக் களம் ஏது? ரோடுதான் களம். பகலெல்லாம் பாதி ரோட்டை அடைத்துப் பரப்பி, சாயங்காலம் அம்பாரமாகக் குவித்து, மேலே கறுப்புப் படுதா போட்டு, சுற்றிலும் கருங்கல்லை அடுக்கிவிடுவார்கள். ராத்திரியில் கறுப்பு ரோட்டின்மேல் கறுப்புப் படுதா... சாதாரண ஹெட்லைட்டில் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, அப்படித்தான் ஓர் அம்பாரத்தில் வண்டியை விட்டார் ரெமிஜியஸ். அவருக்குச் சிராய்ப்பு. ஆஷ்லினுக்கு மணிக்கட்டு உடைந்தது. மகளுக்குக் கையில் மாவுக்கட்டு. அப்பனுக்கு நெஞ்சிலேயே போட்டாற்போல ஆகிவிட்டது.

மறு வாரமே தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் கலந்தர் கடைக்குப் போய்விட்டார். கலந்தர் வண்டிகளுக்கு விளக்கு, ஒயரிங் வேலை செய்பவர். ஊரைப் பகலாக்குவதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். இரண்டு ஜோடி விளக்கை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மஞ்சள் போட்டா பக்கத்துல அகலமா விழும்ணே. மார்கழிப் பனிக்கு நல்லது. வெள்ளை ஸ்பாட்டுன்னா தூரம் அடிக்கும். உங்க அம்பாரமெல்லாம் அந்த வளைவுலயே தெரிஞ்சிடும்."

"தூரமே போடுங்க பாய்."

"பிரைட்டோட சேத்து இணைச்சிடவா? நீங்க டிம் பண்ணா இதுவும் தானா அணைஞ்சிடும்."

ரெமிஜியஸ் கொஞ்சம் யோசித்தார். "வேணாம். தனி சுவிட்ச் வைங்க. எதிர்ல வண்டி வர்ற நேரத்துலதான் ஓரத்துல என்ன கிடக்குதுன்னு தெரிய மாட்டேங்குது."

நியாயமான பேச்சுதான். நீங்களும் நானும் அதைத்தான் கேட்டிருப்போம். கலந்தரும் சரி என்று ஹேண்டில்பாரில் இடது பக்கம் ஒரு சிவப்பு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். லெக் கார்டில் இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு. அன்று சாயங்காலமே ஊர்க் கோயில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, விளக்கு எங்கே விழுகிறது என்று பார்த்தார் ரெமிஜியஸ். ஹெட்லைட்டுக்குக் கீழே விழ வேண்டும், அதுதான் முறை. இவர் போல்ட்டைத் தளர்த்தி நிமிர்த்தினார்... இன்னும் நிமிர்த்தினார். கோபுர மாடத்தில் நிற்கிற சூசையப்பர் முகத்தில் போய் விழுந்தது வெளிச்சம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆஷ்லின் மாவுக்கட்டுக் கையோடு ஏறி உட்கார்ந்தாள். இவர் சிவப்பு சுவிட்சைத் தட்டினார். ஆற்றுத் தண்ணீர், அக்கரை மூங்கில், வயலில் நிற்கிற கொக்கு... எல்லாம் வெள்ளையாக எழுந்து நின்றன.

"ஏம்ப்பா, ஏரோப்ளேன் இறங்கப் போகுதா?" என்று சிரித்தாள் ஆஷ்லின்.

மதகைத் தாண்டினால் ஒரு நேர்சாலை. அங்கே இடமும் வலமுமாக இரண்டு அம்பாரம். தூரத்திலேயே தெரிந்தது. ரெமிஜியஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்போது எதிரே ஒரு விளக்கு. ஒற்றை விளக்கு... மங்கலாக, மொபெட் விளக்கு மாதிரி. அது ஒரு தடவை அணைந்து எரிந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"டிம் கேக்குறாங்கப்பா."

"இரும்மா. இந்த அம்பாரத்தைத் தாண்டிக்கிறேன்."

ஹெட்லைட்டை டிம் செய்தார். சிவப்பு சுவிட்சில் மட்டும் கை வைக்கவில்லை. மகளோடு ஒருமுறை விழுந்தவர். கல் எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டினார். எதிர் விளக்கு கிட்டே வந்தது. மறுபடி மூன்று தடவை மினுக்கியது. இவர் தாண்டிவிட்டார்.

பின்னால் ஒரு சத்தம். சொத்... ஈரச் சாக்கை மேலேயிருந்து போட்டாற்போல. அப்புறம் ஒரு தூக்குவாளி ரோட்டில் உருளுகிற சத்தம். கண... கண... கண... நின்றுவிட்டது.

ரெமிஜியஸ் கண்ணாடியில் பார்த்தார். முன்னால் எவ்வளவு வெளிச்சமோ பின்னால் அவ்வளவு இருட்டு. ஒன்றுமே தெரியவில்லை. வாசனை மட்டும் வந்தது. படுதாவுக்குள் புழுங்கின நெல் வாசனை, இலேசாகப் புளித்து, சூடாக.

"நிறுத்துங்கப்பா. யாரோ விழுந்துட்டாங்க."

"ஒண்ணுமில்லம்மா. காவலுக்கு வந்த ஆளு வண்டியைச் சாய்ச்சி வச்சிருப்பாரு."

நிறுத்தவில்லை. பின்னால் மகள், மாவுக்கட்டு, இருட்டு, ஆற்றங்கரை... ஆயிரம் காரணம் வைத்திருந்தார். வீடு வந்து சேர்ந்தார்கள். பத்திரமாக.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வரும்போதே செய்தி வந்துவிட்டது. பக்கத்து ஊர் தியாகேசன். தன் நெல்லுக்குக் காவல் படுக்க, ராத்திரிச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மொபெட்டில் வந்திருக்கிறார். வந்து தன்னுடைய அம்பாரத்திலேயே மோதி, தான் அடுக்கின கல்லிலேயே கழுத்து அடிபட்டுக் கிடந்திருக்கிறார். விடிகாலையில்தான் ஆள் பார்த்திருக்கிறது. சோறு ரோடெல்லாம் சிதறி, காக்கை கொத்திக்கொண்டிருந்ததாம்.

சாவுக்குப் போனார் ரெமிஜியஸ். மாலை வாங்கிக்கொண்டு போனார். அங்கே பந்தலில் ஆளாளுக்குப் பேச்சு.

"சொந்த அம்பாரத்துல எவனாச்சும் போயி விழுவானா? ஊத்திக்கிட்டு வந்திருப்பான்."

தியாகேசன் மனைவி சாவித்திரி காதில் அது விழுந்துவிட்டது. தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். "அவரு வாயில ஒரு சொட்டு பட்டதில்லீங்க. உங்க பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க, யாராச்சும் பாத்திருக்கீங்களா அவரு குடிச்சி?" ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ரெமிஜியஸ் முகத்தையும் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார்.

ஒரு வார்த்தை. 'அம்மா, அவர் குடிக்கவில்லை, என் விளக்கு கண்ணில் அடித்துவிட்டது' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். அப்புறம் நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்தால் வாயை மூடிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து, திருச்சிக்குத் திரும்பிவிட்ட ஆஷ்லினுக்குப் போன் செய்தார். "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்காதம்மா." "சரிப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை. ஸ்டேஷனுக்கு அவர் மட்டும் போகிறார். சிவப்பு சுவிட்ச் அணைத்தேதான் இருந்தது. தவளைச் சத்தம், என்ஜின் சத்தம், வேறொன்றுமில்லை. மதகுக்கு முந்தின நேர்சாலைக்கு வந்தார். தவளைகள் சட்டென்று நின்றன.

எதிரே ஒற்றை விளக்கு.

மங்கல். மினுக்கியது... ஒன்று... இரண்டு... மூன்று.

இவர் டிம் செய்தார். விளக்கு வந்துகொண்டே இருந்தது. மறுபடி மூன்று. டிம்முக்குக் கீழே என்ன செய்வது? புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, உங்களுக்குத் தெரியும். என்ஜின் ஓடுகிறவரை எரிந்துகொண்டுதான் இருக்கும். அந்த விளக்கு ஓரமாக வரவில்லை. நடு ரோட்டில், நேராக, இவரைப் பார்த்து வந்தது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். அதுவும் நின்றது. கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு மினுக்கியது. மூன்று தடவை. ஓர் இடைவெளி. மூன்று தடவை. ஓர் இடைவெளி...

சாவியைத் திருப்பினார். எல்லாம் அணைந்தது. அப்போதும் அது நகரவில்லை. திரும்பிப் போகலாம் என்றால் அங்கே ஸ்டேஷனில் ஆஷ்லின் தனியாக நிற்கிறாள். வேறு வழியில்லாமல் காலால் உந்தி உந்தி, அந்த யானை வண்டியை இருட்டுக்குள் முன்னே தள்ளினார். அப்போதுதான் அது நகர்ந்தது. வலது பக்கமாக அவரைக் கடந்து போனது. டக டக டக என்று மொபெட் சத்தம். தூக்குவாளி மூடி ஆடுகிற சத்தம். வலது காலில் மட்டும் சூடு... புழுங்கின நெல்லுக்குள் காலை விட்டாற்போல.

சாவியைத் திருப்பினார். ரோடு காலி. இடது பக்கம் படுதா மூடின அம்பாரம் மட்டும், யாரும் காவல் இல்லாமல்.

ஆஷ்லினை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது ஒன்றும் வரவில்லை. மறு வாரமும் அப்படியே. தனியாகப் போகும்போது வந்தது, மகளோடு திரும்பும்போது வரவில்லை. ஒரு வாரம் சுற்றுவழியில் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் நின்று மினுக்கியது. சரி, வளைவு நெளிவு தெரிந்த பழைய ரோடே மேல் என்று இங்கேயே வந்துவிட்டார். பிள்ளை பின்னால் இருந்தால் அது வராது. அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனார். கூண்டுக்குள் முழங்கால் போட்டார். சொல்ல வேண்டியது நெஞ்சுவரை வந்தது. வாய் வழியாக வந்தது வேறு.

"எதிர்ல வந்தவருக்கு லைட்டை டிம் பண்ணலை சாமி."

உள்ளே சாமியார் சிரிப்பை அடக்கியது கேட்டதாம். "அவ்வளவுதானா? இனிமே பண்ணுங்க. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போங்க."

மூன்று. சொன்னார். சொல்லிவிட்டு நேரே கலந்தர் கடைக்குப் போனார்.

"ஹெட்லைட்டையும் அணைக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்கணும் பாய். வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே."

கலந்தர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "லைட் போட வர்றவங்களைப் பாத்திருக்கேன்ணே. லைட்டை அணைக்க சுவிட்ச் கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். எதுக்குண்ணே?"

"எதிர்ல வர்றவருக்குக் கூசுது."

"அந்த ஸ்பாட்டைக் கழட்டிட்டா போச்சு."

"கழட்டிடுங்க. அதையும் கழட்டிடுங்க. ஆனா சுவிட்ச் வேணும்."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு கலந்தர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்பாட்டைக் கழற்றினார். சிவப்பு சுவிட்சை ஹெட்லைட்டுக்கு இணைத்துக் கொடுத்தார். ஊரையே பகலாக்கின அதே சுவிட்ச், இப்போது எல்லாவற்றையும் இருட்டாக்கும்.

அதற்குப் பிறகு பழகிக்கொண்டார். எதற்குத்தான் மனிதன் பழகமாட்டான்? மூன்று தடவை மினுக்கினால் சுவிட்சைத் தட்டுவார். வண்டி இருட்டில் மெல்ல உருளும். ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் அது கடந்து போய்விடும். வலது காலில் சூடு படும். விளக்கைப் போடுவார். ரோடு காலியாக இருக்கும். ஜெபம் சொல்கிற நேரம்வரை குருடனாக ஓட்டுவது... அவ்வளவுதான் அவர் கட்டிய வட்டி.

ஆனால் சாவித்திரி வீட்டுப் பக்கம் போகவில்லை. இரண்டு தடவை அந்தத் தெருமுனைவரை போயிருக்கிறார். மொபெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். டீக்கடையில் தியாகேசன் பேச்சு வந்தால் இன்னும் 'அந்தக் குடிகாரன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் காசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டது. இரண்டு நாள் நல்ல வெயில். ரோட்டோர நெல்லெல்லாம் மூட்டையாகி லாரியில் ஏறியது. தியாகேசன் அம்பாரத்தைச் சாவித்திரியே நின்று அள்ள வைத்தாள். அடி நெல் முளைத்துப் போயிருந்தது என்று ஒதுக்கி ஆற்றில் கொட்டினார்கள். கல்லையெல்லாம் உருட்டி வயல் ஓரம் தள்ளினார்கள். ரோட்டைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டார்கள். அதன்மேல் ஒரு மழை பெய்து, தார் கழுவிவிட்டாற்போல இருந்தது.

ரெமிஜியஸ் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அனிட்டாவிடம், "ரோடு சுத்தமாயிட்டு" என்றார். என்றைக்கும் இல்லாமல் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். அம்பாரம் போனது, அதோடு அதுவும் போய்விடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். ஆஷ்லின் அன்றைக்கு லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள், ரயில் வழக்கம்போல ராத்திரிதான். சாயங்காலம் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார் ரெமிஜியஸ். கையில் ஒன்று மிச்சம் வைத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், யாரும் இல்லாத வெறும் மண்ணில், அதை நட்டு ஏற்றினார். காற்றே இல்லை. மற்ற மெழுகுவத்தியெல்லாம் அசையாமல் எரிந்தன. அது மட்டும் நிற்கவில்லை. அணைந்தது. ஏற்றினார். அணைந்தது. மூன்றாம் தடவை ஏற்றினார். அதுவும் அணைந்தது. அனிட்டா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது எதிரே ஒன்றும் வரவில்லை. முதல் தடவையாக வரவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம், சந்தோஷத்தில். ஆஷ்லினுக்கு மாவுக்கட்டு பிரித்திருந்தது. இரண்டு கையாலும் அப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். ஹெல்மெட் போட்டால் ஈரம் நாறும் என்று மடியில் வைத்துக்கொண்டாள். சரி, பக்கத்து ஊர்தானே என்று இவரும் விட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் வந்ததும் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா... நாளைக்கு அந்தம்மா வீட்டுக்குப் போயி சொல்லிடலாமாப்பா? நானும் வர்றேன்."

"போலாம்மா" என்றார். "நாளைக்குக் காலையிலேயே போலாம்."

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது என்று பின்னால் பெரியநாயகசாமியிடம் சொல்லியிருக்கிறார். மதகு தாண்டியது. நேர்சாலை வந்தது. தவளைகள் நின்றன.

எதிரே ஒற்றை விளக்கு.

பிள்ளை பின்னால் இருக்கிறாள். வரக் கூடாதே? ஆனால் வந்தது. மினுக்கியது. ஒன்று... இரண்டு... மூன்று. நடு ரோட்டில், நேராக, முன் எப்போதும் இல்லாத வேகத்தில் வந்தது. யோசிக்க நேரமில்லை. இத்தனை வாரமாகக் கை பழகிப்போயிருந்தது. கட்டைவிரல் சிவப்பு சுவிட்சைத் தட்டியது.

இருட்டு.

உதடு ஜெபத்தைத் தொடங்கியது. காதுக்குப் பக்கத்தில் ஆஷ்லின் குரல்.

"ஏம்ப்பா லைட்டை அணைச்சீங்க? எதிர்ல யாருமே வரலையே."

ஜெபம் பாதிகூட முடியவில்லை. முன் சக்கரம் எதிலோ ஏறியது. மெத்தென்று, புதைகிற மாதிரி. அப்புறம் கல். வண்டி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். சொத்... என்று ஒரு சத்தம், கொஞ்சம் தள்ளி.

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். எழுந்து இருட்டில் தடவித் தடவிப் போனார். ஆஷ்லின் ரோட்டு நடுவில் படுத்திருந்தாள். முகத்தில் ஒரு காயமில்லை. கழுத்து மட்டும் படுக்கக் கூடாத மாதிரி படுத்திருந்தது.

போலீஸ் வந்தது, டார்ச் அடித்துப் பார்த்தது. கழுவிவிட்ட ரோடு. ஒரு கல் கிடையாது, ஒரு பிடி நெல் கிடையாது, ஒரு பள்ளம்கூட இல்லை. "எதுல மோதுனீங்க?" என்று கேட்டார்கள். அவர் ரோட்டைக் காட்டினார். வெறும் ரோட்டை. ஒரு கான்ஸ்டபிள் அவர் வாய்ப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

ஆமாம். குடித்திருக்கிறாரா என்று.

மறுநாள் மத்தியானம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியில் வைப்பதற்கு முன்னால் தலை வாரிவிட அனிட்டா சீப்பை எடுத்தாள். தலைக்குக் குளித்த முடி. சீப்பை இழுத்தாள், நெல் உதிர்ந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், இன்னும் நெல். வார வார வந்துகொண்டே இருந்தது. பாய் முழுக்க நெல். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அள்ளிப் பார்த்த பெண்கள் கையை உதறினார்களாம். சுட்டது. அடக்கம் முடிகிறவரை அந்த வீட்டில் புழுங்கின நெல் வாசனை போகவில்லை.

பொறுங்கள், இன்னும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் துக்கம் கேட்கச் சாவித்திரி வந்தாள். தன் வீட்டுத் துக்கமே ஆறாதவள், நடந்தே வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ரெமிஜியஸ் எழுந்து போய், அத்தனை பேருக்கு நடுவில் காலில் விழுந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். புது விளக்கு, தனி சுவிட்ச், அந்த ராத்திரி, நிறுத்தாமல் வந்தது. பெரியநாயகசாமி பக்கத்திலேயே நின்றிருந்தான், அவன்தான் எனக்குச் சொன்னது.

"அவரு குடிக்கலம்மா. எங்கிட்ட டிம் கேட்டாரு. மூணு தடவை லைட்டை மினுக்கிக் கேட்டாரு. நான்தான் அணைக்கல. அதான் இப்ப என் பிள்ளையை எடுத்துக்கிட்டாரு. என்னை மன்னிச்சிடுங்கம்மா."

சாவித்திரி அசையாமல் நின்றாள். கோபம் வரும் என்று எல்லாரும் பார்த்தார்கள். வரவில்லை. அவள் முகத்தில் வேறு என்னவோ வந்தது. உட்கார்ந்து, அவர் தலையைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"என்னங்க சொல்றீங்க... அவரு வண்டியில லைட்டே கிடையாதுங்களே. ரெண்டு வருஷமா ஒயர் அறுந்து தொங்குது. தெரிஞ்ச ரோடுன்னு இருட்டுலயேதான் போவாரு, வருவாரு." அவர் தலையிலிருந்து கையை எடுத்தாள். "எதிர்ல ஒரு வண்டி லைட்டை மினுக்குது, நின்னு வழி விட்டாலும் போக மாட்டேங்குதுன்னு சாவுறதுக்கு முந்தின வாரம் எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. புது லைட்டுன்னு நீங்க சொன்னதும், அது நீங்கன்னுல்ல நான் நெனைச்சேன்?"

முந்தின வாரம் ரெமிஜியஸ் வண்டியில் அந்த விளக்கே போட்டிருக்கவில்லை.

...

கேட் தூக்குகிறார்கள். எழுந்திருங்கள், எழுந்திருங்கள்.

என்ன, யாரும் கிக்கரில் கால் வைக்கக் காணோம்? டேய் செந்தில், உன்னிடம்தானே புது லைட் இருக்கிறது. நீ முன்னால் போ.